கீழ்க்கதவு

முந்தின நாள் சாயங்காலம் சுகுணா தன் கையால் கொத்திப் பொலபொலவென்று உதிர்த்து விட்டிருந்த மண், காலையில் வந்து பார்த்தபோது களம் போல இறுகிக் கிடந்தது. பசுமைக்குடிலின் கீழ்க்கோடியில், சாத்தியிருந்த கதவுக்கு முன்னால், ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம். அங்கே மட்டும். களைக்கொத்தால் தட்டிப் பார்த்தாள். தரையில் தட்டுவது போல ஓசை வந்தது. கால் தடம் இல்லை, குளம்புத் தடமும் இல்லை. யாரோ பொறுமையாக மிதித்து மிதித்து மெழுகி வைத்த மாதிரி இருந்தது.

"நாயி வந்து படுத்திருக்கும்," என்றான் அவள் புருஷன் செல்வம்.

"நாயி படுத்தா மண்ணு இப்படியா ஆவுமுங்க?"

"சரி, பன்னின்னு வெச்சுக்க. மண்ண உடு, மொதல்ல செடியப் பாரு."

செடியைப் பார்த்தாள். பார்க்கும்படியாகத்தான் இருந்தது. கதவோரத்துக் குடைமிளகாய்ச் செடிகள் இலை பெருத்து, கிளைக்குக் கிளை காய் தொங்க, தளதளவென்று நின்றன. ஆனால் எல்லாச் செடிகளும் கதவை விட்டு விலகி, பின்னால் சாய்ந்து நின்றன. வெயிலுக்குச் சாயும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெயில் கதவுப் பக்கத்திலிருந்துதான் வரும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

வளைத்த இரும்புக் குழாய்களின் மேல் பால் நிறத்துப் பாலித்தீனைப் போர்த்திய நீளக் குடில் அது. மலைமேல் பைல் நாடு என்ற அந்தப் பகுதியில் அப்படி ஒன்று வைத்திருப்பது அவர்கள் மட்டும்தான். ஊருக்குள் அதற்குப் பெயர் ஷீட்டு வீடு. மானியத்தில் கட்டினார்கள். இருந்த ஒரே சமதளத்தில் கட்டினார்கள். அந்தச் சமதளத்தின் நடுவேதான் தடம் போனது.

அந்த மலையில் எந்த நிலத்திலும் மேலே சோலையிலிருந்து கீழே ஓடைக்கு ஒரு தடம் விட்டிருப்பார்கள். மரவள்ளி நட்டால் அந்த வரிசையில் குச்சி ஊன்ற மாட்டார்கள். வேலி போட்டால் அந்த இடத்தில் முள் வைக்க மாட்டார்கள். மார்கழியும் தையும் பொழுது சாய்ந்த பிறகு அந்த வழியாக ஏதோ இறங்கிப் போகும், அதற்கு வழி விட வேண்டும். அது என்ன என்று சுகுணா கேட்டதில்லை, யாரும் கேட்டதில்லை. பஸ் திரும்புகிற இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பது எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

அதனால்தான் செல்வம் குடிலுக்கு மேலே சோலையைப் பார்த்து ஒரு கதவும், கீழே ஓடையைப் பார்த்து ஒரு கதவும் வைத்தான். பனி மாதங்களில் இரண்டும் திறந்தே கிடக்கும். இரண்டும் திறந்து கிடந்தால் குடில் கட்டி என்ன பிரயோசனம்? பனி புது மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு வருஷமும் இலை கருகியது, பிஞ்சு வெம்பி உதிர்ந்தது.

இந்த வருஷமும் கருகினால் செல்வம் போர்வெல் வண்டிக்குப் போய்விடுவான். திருச்செங்கோட்டிலிருந்து வண்டிக்காரர் பூபதி போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் செல்வம் அந்த வேலைக்குத்தான் போயிருந்தான். வடக்கே ஏதேதோ ஊர், வருஷத்தில் பாதிக்கு மேல் அங்கேதான். அந்த நாட்களில் மூடுபனி வாசல் வரை வந்து நிற்க, விளக்கை அணைக்காமல், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துத் தூங்கியது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. இன்னொரு தடவை அதைத் தாங்க அவளால் முடியாது. அவன் போகக் கூடாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

எனவே மார்கழி பிறந்ததும் அவள்தான் சொன்னாள். "மேல்கதவு தொறந்தே கெடக்கட்டுமுங்க. ஓடைப் பக்கமிருந்துதான குளுரு ஏறுது? கீழ மட்டும் சாத்திக்கலாம். ஒரு கதவு தொறந்திருந்தாப் போதாதா?"

செல்வம் பிடரியைச் சொறிந்தான். அப்புறம் நைலான் கயிறு எடுத்து வந்து கீழ்க்கதவை இறுக்கிக் கட்டினான். வருகிற வழி திறந்திருந்தது, போகிற வழி அடைபட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் அதை அப்படி யோசிக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் செல்வத்தின் அக்கா பொன்னம்மாள் வந்தாள். வாசலூர்பட்டிப் படகுத்துறையில் அன்னாசி விற்கிறவள், வாய் ஓயாது. குடிலுக்குள் தலையை நீட்டியவள் பாதிப் பேச்சில் நின்றாள்.

"என்ன கண்ணு, உள்ள இப்படிக் கதகதன்னு இருக்குது? அடுப்புக் கிடுப்பு வெச்சிருக்கியா?"

"வெயிலுக்கு அப்படித்தானுங்க நங்கை."

வெளியே ஒரு வாரமாக வெயில் இல்லை. பொன்னம்மாள் அதைச் சொல்லவில்லை. "கீழ்க்கதவு தொறந்துதான கெடக்குது?"

"தொறந்துதானுங்க."

சொல்லும்போது சுகுணா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சை மாற்ற நாலு காய் பறித்து அவள் கையில் கொடுத்தாள். பொன்னம்மாள் ஒன்றைக் கையில் உருட்டினாள். காம்பிலிருந்து பறித்த பிறகும் காய் சூடாக இருந்தது, கோழி அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி. அவள் எல்லாவற்றையும் பாத்தியோரம் மெதுவாக வைத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாங் கண்ணு," என்றாள். டீ கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

இறுகிய மண் நாளுக்கு நாள் மேலே ஏறியது. கதவிலிருந்து தொடங்கி, பாத்திகளுக்கு நடுவே, கால்வைக்கிற அகலத்துக்கு நீண்டது. கூண்டில் அடைத்தது கம்பி வரை போய்த் திரும்புமே, அப்படி எதுவோ கதவு வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. சாயங்காலங்களில் வீட்டு வாசலில் நின்று பார்ப்பாள். காற்றே இருக்காது, சவுக்கு மரத்தில் ஒரு நுனி அசையாது. கீழே குடில் மட்டும் மெல்ல உப்பும். ஷீட் விம்மி, குழாய்கள் கிறீச்சிட்டு, அப்புறம் மெல்லத் தணியும். மறுபடி உப்பும். அவள் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வாள்.

செல்வத்திடம் சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. அவன் நன்றாக இருந்தான். பகலெல்லாம் குடிலுக்குள்ளேயே கிடந்தான். சோறு தின்ன வந்தால் மார்கழிக் குளிரில் நெற்றி வேர்த்திருக்கும். ராத்திரி கம்பளி வேண்டாம் என்பான். பூபதியின் போனை எடுப்பதை விட்டுவிட்டான். அதில் அவளுக்குச் சந்தோஷம். வெட்கமில்லாமல் சொன்னால், ரொம்பவே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்காகவே அவள் பயத்தை வாய்க்குள் அடக்கி வைத்திருந்தாள்.

தை பிறந்த ஒரு சாயங்காலம் மூடுபனி வழக்கத்துக்கு முன்பே ஏறி வந்தது. முதலில் ஓடை மறைந்தது, அப்புறம் கீழ்க்கதவு, அப்புறம் குடிலே மங்கலாக ஒரு வெள்ளை முதுகாகத் தெரிந்தது. குடிலின் பக்கவாட்டுத் திரைகளை இறக்கிவிட்டு வருகிறேன் என்று போன செல்வம் வரவில்லை. அடுப்பில் சாமைச் சோறு பொங்கி அடங்கியது, அவன் வரவில்லை. போன் போட்டாள். கீழே, பனிக்குள், குடிலின் கடைக்கோடியில் மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். இந்தத் தடவை மணி ஓரிடத்தில் நிற்காமல் அங்கும் இங்கும் போய் வந்தது. கை மாறிக் கை மாறிப் போவது போல.

சுகுணா அரிவாளை எடுத்துக்கொண்டாள். யாரையும் வெட்ட அல்ல; கயிற்றை அறுக்க. செய்தது தப்பு என்று அவள் நெஞ்சுக்கு இப்போது தெரிந்துவிட்டது. பயிர் கருகட்டும், அவன் வடக்கே போகட்டும், உயிரோடு போகட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஈரப் புல்லில் இறங்கினாள்.

மேல்கதவு திறந்திருந்தது. உள்ளே கால் வைத்ததும் சூடு முகத்தில் மோதியது. அதைவிட வாசனை. செடி வாசனை இல்லை, மண் வாசனை இல்லை. மழை நாளில் ஜன்னலெல்லாம் அடைத்த பஸ்ஸின் வாசனை. நனைந்த கம்பளியும் தலை எண்ணெயும், நெடுநேரம் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுப் புளித்த காற்றும். ஷீட்டிலிருந்து நீர் சொட்டியது. சொட்டுகள் தரையில் விழும் ஓசை கேட்கவில்லை. பாதி உயரத்திலேயே எதன் மேலோ விழுந்து நின்றன.

"ஏனுங்க..."

நடந்தாள். காலடியில் மண் கல்லாக இருந்தது.

செல்வம் கீழ்க்கதவின் அருகே, முதுகைக் காட்டி நின்றிருந்தான். நெற்றியைக் கதவில் சாய்த்திருந்தான். செருப்பில்லை. கால்கள் மட்டும் நின்ற இடத்திலேயே மண்ணை மிதித்துக்கொண்டிருந்தன.

"ஊட்டுக்கு வாங்க. சோறு ஆறுது."

அவன் திரும்பவில்லை. சுகுணா அவனைத் தாண்டிக் கையை நீட்டிக் கயிற்றை அறுத்தாள். நைலான் வழுக்கியது. இழுத்து இழுத்து அறுத்தாள். கடைசி இழை விட்டதும் கதவைத் தள்ளினாள். ஓடையின் குளிர் மூச்சைப் பிடிக்கும்படி உள்ளே பாய்ந்தது.

ஓரமாக நின்று கும்பிட்டாள்.

"தெரியாமப் பண்ணிப்போட்டோம் சாமி. வழி தொறந்தாச்சு. போயிருங்க. எம் புருஷன உட்டுட்டுப் போயிருங்க."

காத்திருந்தாள். மூடுபனி முழங்கால் வரை வந்தது. எதுவும் அவளைத் தாண்டிப் போகவில்லை. சொட்டுகூட நின்றுவிட்டது.

அப்போது அவள் காதை உரசிக்கொண்டு ஒரு கை நீண்டது. செல்வத்தின் கை. அது கதவை இழுத்துச் சாத்தியது.

"குளுருதுன்னு சொல்றாங்க," என்றான்.

"யாருங்க சொல்றாங்க?"

அவன் குனிந்து அறுந்த கயிற்றின் இரண்டு முனையையும் தேடி எடுத்து முடிச்சுப் போட்டான். அவசரமில்லாமல், ஒன்றன் மேல் ஒன்றாக, முடிச்சு மேல் முடிச்சு. அப்புறம் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்பு. கல்யாணத்தின்போது சிரித்த அதே சிரிப்பு.

"நா இனி எங்கயும் போவல சுகுணா," என்றான்.

இத்தனை வருஷமும் அவள் கேட்க ஏங்கிய வார்த்தை. கேட்டதும் அவனை விட்டு ஓர் அடி பின்வாங்கினாள்.

திரும்பினாள். மேல்கதவு தூரத்தில் வெளுப்பாகத் தெரிந்தது. ஓடிவிடலாம். ஓடத்தான் காலை எடுத்தாள்.

மேல்கதவருகே செடிகள் விலகின.

தடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. விலகி, நிமிர்ந்தன. மறுபடி விலகின. நிமிர்வதற்குள் மறுபடி. அடுத்தது. அதற்கடுத்தது.

வந்தது ஒன்று இல்லை. ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை. மார்கழி முதல் நாளிலிருந்து, ஒவ்வொரு சாயங்காலமும், வந்தது எதுவும் போகவில்லை.

ஷீட் இரண்டு பக்கமும் விம்மியது. குழாய் முனகியது. அவள் தோளில் சூடாக ஏதோ பட்டது. இடுப்பில் ஒரு முழங்கை. பிடரியில் மூச்சு. கத்த வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் யாரோ விட்ட மூச்சு போனது.

"கொஞ்சம் நகுந்து நில்லு," என்றான் செல்வம், கதவோரத்திலிருந்து, அன்பாக. "இன்னும் வாராங்க."

மேல்கதவில் செடிகள் விலகிக்கொண்டே இருந்தன. சுகுணா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையைக் காலை ஒடுக்கி, ஓரமாக ஒதுங்கி இடம் விட்டாள்.