பூனைக்கு என்று சொன்ன மருந்து

1983ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு மாலை, டத்தோ கெராமட் சாலை வீட்டின் சமையலறையில் இருந்தவர்கள் நால்வர். துறைமுக அலுவலகத்தில் தலைமை எழுத்தராயிருந்து ஓய்வு பெற்ற குலசேகரம். அவருடைய விதவைத் தங்கை யோகம்மா. அவருடைய ஒரே மகள் வள்ளிநாயகி. அவளைத் தன் மகனுக்குக் கேட்டு, தைப்பிங்கிலிருந்து மூன்று நாள் தங்க வந்திருந்த செல்வநாயகி. பூனையைச் சேர்த்தால் ஐந்து.

குளிர்ந்த தண்ணீர் எடுக்கப் போன செல்வநாயகி, குளிர்பெட்டியில் முட்டைகளுக்குப் பின்னால் இருந்த சின்னக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் தாதிமாருக்குத் தலைமையாக, மேட்ரனாக இருந்தவர்.

"இன்சுலின். ஆருக்கு?"

வள்ளிநாயகி தலைகுனிந்தாள். பதினாறு வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை. எட்டு வருடமாக அந்தச் சுவர்களைத் தாண்டாத செய்தி. தாண்டினால் இந்தச் சம்பந்தம் போகும். பிறகு வேறொன்றும் வராது.

"பூனைக்கு," என்றார் குலசேகரம்.

ஜன்னல் கட்டையில் தூங்கிக்கொண்டிருந்த பூனை கண்திறந்து அவரைப் பார்த்தது. கீழே குதித்தது. கிண்ணத்துத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கியது. பேச்சு மாறி, தேநீர் ஆறி, யோகம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்த பிறகும் அந்த நக்கும் சத்தம் நிற்கவில்லை.

"பாவம் லா, எங்கட டாக்டர்மாருக்கு வாற வியாதி இதுக்கும் வந்திட்டுது," என்று செல்வநாயகி சிரித்தார். "எத்தனை யூனிட்?"

"ரெண்டு."

"ஆறு மணியாச்சே. போடுங்கோ, பார்ப்பம்."

முப்பத்திரண்டு வருடம் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டறியாத குலசேகரத்தின் கை அது. மகள் செய்வதைப் பார்த்துப் பழகியபடி குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டினார். யோகம்மா பூனையைப் பிடித்துக்கொண்டாள். நோயில்லாத ஒரு பிராணியின் பின்கழுத்துத் தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடியில் ஊசியை ஏற்றினார். பூனை அசையவில்லை. யோகம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை, குளியலறைச் சிமெண்டுத் தரையில் பூனை பெய்திருந்த இடத்தை எறும்புகள் கறுப்பாக மொய்த்திருந்தன. அழுகிய அன்னாசியின் வாடை வீசியது. அந்த வாடை அவருக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன், நோய் என்னவென்று தெரியாத நாட்களில், மகளின் மூச்சில் இருந்தது. இப்போது அது பூனையின் வாயிலிருந்து வந்தது.

"ரெண்டு காணாது," என்றார் செல்வநாயகி. "ஒண்டு கூட்டுங்கோ."

கூட்டினார். மாலையில் இன்னும் ஒன்று. ஒவ்வொரு முறையும் மேட்ரன் பக்கத்தில் நின்று, பூனை குடித்த தண்ணீரைப் பார்த்து அளவு சொன்னார். ஒவ்வொரு முறையும் பூனை தானாக வந்து, குலசேகரத்தின் காலடியில் தலையைத் தாழ்த்திக்கொண்டது.

அன்று விளக்கு வைத்த பிறகு வள்ளிநாயகி கொல்லைப்புறத்தில் அவரைப் பிடித்தாள். முகம் வியர்த்திருந்தது.

"அப்பா, தைப்பிங் மாமி என்ர அறையிலதான் படுக்கிறா. நேற்றையிலிருந்து நான் ஊசி போடேல்ல. இண்டைக்குச் சோதிச்சுப் பார்த்தன். சர்க்கரையே இல்லை."

அவருக்கு முதலில் வந்தது பயம் அல்ல, சந்தோஷம். பிற்பாடு அவர் தன்னை மன்னிக்காதது அதற்காகத்தான். வீட்டின் மானத்துக்காகச் சொன்ன சொல்லை யாரோ கேட்டு, அப்படியே ஆகட்டும் என்று விட்டதாக ஒரு கணம் நினைத்தார்.

"நல்லதுதானே, பிள்ளை."

"இல்லை அப்பா. நீங்கள் பூனைக்குப் போட்டு அரை மணியில எனக்குக் கை நடுங்குது. கண் இருட்டுது. பின்கழுத்தில நோகுது. நாளைக்கு அதுக்குப் போடாதேங்கோ."

"சரி" என்றார். எலுமிச்சை மரத்தடி இருட்டிலிருந்து தண்ணீர் நக்கும் சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் காலை ஆறு மணி. மழை. செல்வநாயகியின் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. பத்து மணி பெர்ரிப் படகுக்கு முன் கல்யாண நாள் குறித்துக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார். பூனை வந்து தலையைத் தாழ்த்தியது.

"இண்டைக்கு வேண்டாம் எண்டு பார்க்கிறன்," என்றார் குலசேகரம்.

மேட்ரன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "சர்க்கரை இருக்கிற பூனைக்கு ஊசியை நிப்பாட்டுறதோ? அல்லது..." குப்பியைப் பார்த்தார். பிறகு அறைக் கதவைப் பார்த்தார். "இது பூனைக்குத்தானே, அண்ணே?"

"பூனைக்குத்தான்."

"அப்ப ஆறு போடுங்கோ."

கதவு இடுக்கில் மகள் நின்றாள். தலையை மட்டும் அசைத்தாள். வேண்டாம்.

குப்பியை உருட்டினார். ஊசிக்குள் ஆறாவது கோடுவரை மருந்தை இழுத்தார். யோகம்மா பூனையைப் பிடிக்க வரவில்லை. பிடிக்கத் தேவையும் இருக்கவில்லை. தோலைத் தூக்கினார். அழுத்தினார்.

இடுக்கில் யாரும் இல்லை.

அறைக்குள் ஏதோ கனமாகச் சரிந்தது. கண்ணாடி உடைந்தது.

"என்ன சத்தம்?" என்றார் செல்வநாயகி.

"மழைக்கு ஜன்னல் அடிச்சிருக்கும். தேத்தண்ணி குடியுங்கோ."

குலசேகரம் உள்ளே போகவில்லை. எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு கோப்பை குடித்தார். முழுக்க. யோகம்மாதான் சர்க்கரை டின்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். பூனை அவர் மடியில் ஏறிப் படுத்து, மூச்சு விட்டது. வாடை இல்லை. ஆரோக்கியமான பூனை.

கல்யாணத்துக்கு ஆவணி மாதத்தில் ஒரு நாளைக் குறித்தார்கள்.

வள்ளிநாயகி அதன் பிறகு தலை நிமிரவில்லை. அடக்கமான பிள்ளை என்று மணவறையைச் சுற்றி நின்றவர்கள் மெச்சினார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. தாலி முடிச்சுப் போடுவதற்காக யோகம்மா பூச்சடையை ஒதுக்கிப் பிடித்தாள். மாப்பிள்ளை கையைக் கொண்டுபோனான். விரல் படவில்லை. படுவதற்கு முன்பே, அவள் பின்கழுத்துத் தோல் தானாக மேலே எழுந்து, கூடாரமாக, யாரோ பிடித்திருப்பதுபோல் நின்றது. மிக அருகில் இருந்த குலசேகரம் அதைப் பார்த்தார். மாப்பிள்ளையும் பார்த்தான்.

பெண் மணவறையில் மயங்கி விழுந்ததாகவும் அதனால் கல்யாணம் நின்றதாகவும் தைப்பிங்கில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையல்ல. அவள் விழவில்லை. மூன்று முடிச்சும் விழுந்து முடியும்வரை, அசையாமல், தலையைத் தாழ்த்திக்கொண்டுதான் இருந்தாள்.