ஐந்தே நிமிடத்தில் வந்த ஃபைல்!

டிர்ர்ரிங்...!

லைன் டெஸ்டிங் அறையில் அந்தப் போன் அலறினால், எங்கோ ஒரு லைன் செத்துவிட்டது என்று அர்த்தம்.

அக்கா ரிசீவரை எடுத்தாள்.

"எந்த லைன்பா போச்சு?"

"லைன் இல்லக்கா..." மறுமுனையில் பழைய எக்ஸ்சேஞ்ச் வாட்ச்மேன் விம்மினான். "தம்பி... நம்ம தம்பி... இரும்புப் படிக்குக் கீழ... பேச்சு மூச்சில்லாம..."

ரிசீவர் நழுவி, வயரில் தொங்கி ஆடியது.

அந்த டெலிபோன் கம்பெனியில் அத்தனை பேருக்கும் அவள் 'அக்கா'தான். ஆனால் கூடப் பிறந்தவன் ஒரே ஒருத்தன். தாய் தகப்பன் போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவன். நிலைப்படியில் தலை இடிக்கும் அளவுக்கு வளர்ந்த பிறகும் அவளுக்கு அவன் 'பொடியன்'தான்.

பொடியன் போய்விட்டான்!

நாலாம் நாள் காலை...

வாசலில் அவனுடைய செருப்பு அப்படியே கிடந்தது. எடுத்து வைக்க அவளுக்குக் கை வரவில்லை. அதைத் தாண்டித்தான் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

சோபாவில் அவள் கணவர்; அதே கம்பெனியில் ஸ்டோரேஜ் பிரிவு. நாலு நாள் தாடி. அவளுக்குச் சோறு ஊட்டியதும், தூங்க வைத்ததும் அவர்தான்.

"வாட்ச்மேனை விட்டுட்டேன்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "அவன் அழற அழுகையைப் பார்த்து எங்க ஏட்டும் சேர்ந்து அழறார். ஸ்டேஷனா அதுன்னு ஆயிடுச்சு."

"அப்ப யாரு சார் என் தம்பியைத் தள்ளி விட்டது?"

இன்ஸ்பெக்டர் கணவர் பக்கம் திரும்பினார்.

"முந்தின நாள் கேன்டீன்ல மச்சானோட பெரிய சண்டையாமே?"

"வீட்டுக்கு வீடு வாசப்படி சார்! மாமன் மச்சான்னா நாலு வார்த்தை வரத்தான் செய்யும்!"

அக்கா சட்டென்று எழுந்தாள்.

"சார்! இவரைச் சந்தேகப்படாதீங்க! இருந்த ஒருத்தனைப் பறிகொடுத்துட்டு நிக்கறேன். மிச்சம் இருக்கறது இவர் ஒருத்தர்தான். அதையும் பிடுங்கிட்டுப் போகாதீங்க!"

குரல் உடைந்தது.

"எனக்கும் ஆசையில்லம்மா. ஃபைல் லைன்ல வந்ததுன்னு அவர் சொன்னது உண்மையான்னு பார்க்கத்தான் வந்தேன். லைன் பத்தி உங்களுக்குத்தானே தெரியும்?"

"கேளுங்க... நானே நிரூபிக்கறேன்!"

கணவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"நீயே கேளு. மாசக் கடைசி ஃபைல். பழைய எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து அவன்தான் உட்கார்ந்து லைன்ல அனுப்பணும், டிஸ்க் எல்லாம் இருக்கற எங்க ஸ்டோரேஜ் ரூம்ல நாங்க வாங்கணும். வழக்கமா வாங்கற அசிஸ்டென்ட் அன்னிக்கு லீவு. நான் சாப்பிட்டுட்டு வந்து உட்கார்ந்தேன். மூணு மணிக்கு அனுப்பினான். அஞ்சே நிமிஷம்... முழுசா வந்துடுச்சு!"

"கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான் பதிவாகியிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "இவர் மூணுக்கு முன்னாடிலேர்ந்து சாவுச் செய்தி வர்ற வரைக்கும் சீட்லயே இருந்ததைப் பத்துப் பேர் பார்த்திருக்காங்க. ஆக, தம்பி மூணு மணிக்கு உயிரோட இருந்திருந்தா... இவர் நிரபராதி."

"பாருங்க, நான் சொல்லல?" அக்காவின் முகத்தில் நாலு நாளில் முதல் வெளிச்சம். "ஃபைல் எவ்ளோ பெரிசுங்க?"

"அறுநூறு மெகா."

"லைன்?"

"செகண்டுக்கு ரெண்டு மெகா."

"அறுநூறை ரெண்டால வகுத்தா முந்நூறு செகண்ட். அஞ்சு நிமிஷம். கணக்கு சரி..."

சொல்லி முடிக்கவில்லை.

அவள் உதடு அப்படியே நின்றது.



"என்னங்க..." அவள் குரல் கெஞ்சியது. ஆமாம், கெஞ்சியது! "வேற ஏதாவது புது லைன்ல அனுப்பினானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ப்ளீஸ்..."

"அந்த ஓட்டை எக்ஸ்சேஞ்ச்ல புது லைனுக்கு எங்க போறது? அதே பழைய லைன்தான்!"

அக்கா மெல்ல உட்கார்ந்தாள்.

"சார்... லைன்காரங்க நாங்க சொட்டுக் கணக்குல பேசுவோம். ஸ்டோரேஜ்ல இருக்கற டிஸ்க்காரங்க டம்ளர் கணக்குல பேசுவாங்க. சொட்டுதான் பிட். டம்ளர் பைட். எட்டு சொட்டு சேர்ந்தாத்தான் ஒரு டம்ளர்."

"அதனால?"

"ஃபைல் அறுநூறு மெகா டம்ளர். லைன்ல செகண்டுக்கு வர்றது ரெண்டு மெகா சொட்டு. அஞ்சு நிமிஷத்தை எட்டால பெருக்குங்க. நாற்பது நிமிஷம் சார்! குட்டிக்கரணம் போட்டாலும் அதுக்குக் குறைஞ்சு வராது."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"அப்ப ஃபைல் லைன் வழியா வரலை..."

"வரலை. பழைய எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து டிஸ்க்ல தூக்கிட்டு வந்திருக்காங்க. மூணு மணிக்கு அதைக் காப்பி போட்டு, லைன்ல வர்ற மாதிரி தெரியட்டும்னு வேகத்தை 'ரெண்டு மெகா'ன்னு கட்டுப்படுத்தியிருக்காங்க. ஆனா அது டிஸ்க்காரங்க மெகா, டம்ளர் கணக்கு."

அவள் கணவரை நேராகப் பார்த்தாள்.

"பொடியன் மேஜையிலேர்ந்து அந்த டிஸ்க்கை எடுத்தப்ப... அவனுக்கு உசுரு இருந்துச்சாங்க?"

"ஏய்... என்ன உளர்றே...?"

"உசுரு இருந்துச்சான்னு கேட்டேன்!"

அந்தக் கத்தலில் கணவர் இடிந்து போனார்.

"தள்ளணும்னு நினைக்கலை... சந்தாதாரர்கள் யார் யாரோட பேசறாங்கன்ற விவரத்தை நான் வெளில வித்தது அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. 'அக்காகிட்ட சொல்லிடுவேன் மாமா'ன்னான். போலீஸ்கிட்டன்னு சொல்லலை... உன்கிட்டன்னான். அதைத்தான் தாங்க முடியலை. கையை உதறினேன்... படி..."

அக்கா அழவில்லை. நாலு நாளாக அழுததில் கண்ணீர்கூட வற்றியிருந்தது.

"என்கிட்ட சொல்லியிருந்தா என்னங்க? ரெண்டு நாள் திட்டியிருப்பேன். மூணாம் நாள் சோறு போட்டிருப்பேனே..."

இன்ஸ்பெக்டர் கனைத்துக்கொண்டார்.

"இவர் உண்மையைச் சொல்றார்னு நம்பிட்டுக் கேஸை மூடத்தாம்மா வந்தேன்."

"தெரியும் சார். காப்பாத்தத்தான் கணக்கு போட்டேன்."

விலங்கு மாட்டும் சத்தம். க்ளிக்!

வாசலில் கணவர் திரும்பினார். முகத்தில் பதினொரு வருடப் பழக்கத்தின் உரிமை.

"ஜாமீனாவது... எடுப்பியா?"

அக்கா குனிந்து தம்பியின் செருப்பை அவர் கால் படாமல் நகர்த்தி வைத்தாள்.

"எடுக்காம? இன்னிக்கே அனுப்பறேங்க... அந்தப் பழைய லைன்ல! வந்து சேர்ற வரைக்கும் உள்ளயே உட்கார்ந்திருங்க!"