இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

2024 அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து பத்துக்கு ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் மின்சாரம் நின்றது. லைன் வீடுகளில் இருந்த பதின்மூன்று மோடங்களும் அணைந்தன. ஒன்று மட்டும் எரியத் தொடங்கியது.

மாதேஸ்வரி அதை மடிக்கணினியில் பார்த்தாள். அவர்கள் வீடுதான் கம்பெனி. கணவன் தினேஷ்குமார் பெரிய நிறுவனம் ஒன்றிடமிருந்து மொத்தமாக இணையம் வாங்கி, சமையலறை அலமாரியில் மெஷினை வைத்து, சுற்றியிருந்த பதினான்கு வீடுகளுக்கு ஃபைபர் ஒயர் இழுத்துக் கொடுத்திருந்தான். அவன் ஃபேக்டரியில் இருக்கும் நேரத்தில் பட்டியலைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஒவ்வொரு வரியிலும் வீட்டு எண்ணையும் பெயரையும் அவளே அடித்திருந்தாள். மோடம் ஓடினால் வரி பச்சை, அணைந்தால் சிவப்பு. ஓரத்தில் ஒயரின் நீளம் மீட்டரில் இருக்கும். ஒளியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து மெஷினே அளந்து சொல்வது அது.

பச்சையாக இருந்தது ஒன்பதாம் எண். அழகர்சாமி. 212.

அழகர்சாமி இறந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அவருடைய மோடத்தைத் தினேஷ்குமார் கழற்றிவந்து, செய்தித்தாளில் சுற்றி, படுக்கையறைப் பரணில் போட்டிருந்தான். பட்டியலில் இருந்த பெயரை மட்டும் அவள் அழிக்கவில்லை.

யாரோ திருடுகிறார்கள். அப்படித்தான் முதலில் நினைத்தாள். பத்தாம் எண் நாகம்மாவுக்குப் போன் செய்தாள். நாகம்மா தெருவுக்கு வந்துதான் பேசினாள். அந்த வரிசையின் தகரக் கூரைகளுக்குள் சிக்னல் எடுக்காது.

"அக்கா, ஒம்பதாம் நம்பருக்கு யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாரு வருவா? பூட்டு தொங்குது. ஏன் கேக்கற?"

"உள்ள மோடம் ஓடுது. யாரோ ஒயர இழுத்து மாட்டியிருக்காங்க."

"யாரோன்னா? என்னச் சொல்றியா?" நாகம்மா சிரித்தாள். "கரண்டே இல்ல தாயி. உன் ஒயர்ல நான் துணிதான் காயப்போடணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அவரு போன அன்னிக்கும் இப்படித்தான் கரண்ட் போச்சு. உங்க நெட்டும் நின்னுச்சில்ல?"

மாதேஸ்வரி போனை வைத்தாள். இவளுக்கு எப்படித் தெரியும்?

திரையில் 212 இல்லை. 174.

ஒயர் அறுந்திருக்கும் என்று எண்ணினாள். ஆனால் அறுந்தால் வரி சிவப்பாகும்; நீளம் குறையாது. தினேஷ்குமாரை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஃபேக்டரியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மழைக்கு முந்தைய காற்று சிப்காட் பக்கமிருந்து பெயின்ட் வாடையை ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து போட்டது. மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் ஒரே சுருதியில் முனகியது. அதன்மேல் மெஷினின் இரைச்சல். அதற்கும் அப்பால், படுக்கையறையில், நான்கு வயது யுவஸ்ரீயின் தலைக்கு மேலே மின்விசிறி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக்கென்று சத்தமிட்டபடி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மின்விசிறிதான்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் முதலில் மெஷினுக்கு, மிச்சம் இருந்தால் வீட்டுக்கு என்பது தினேஷ்குமார் வைத்த சட்டம். "ஒரு மணி நேரம் வேர்த்தா செத்துட மாட்டோம்" என்பான். செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்குக் காய்ச்சல். கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது, பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் வெளியே போயிருந்தான். அவள் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டு மணி நேரம் மின்விசிறி ஓடியது.

அழகர்சாமி தனியாக இருந்தவர். அறைக்குள் சிக்னல் இல்லாததால் எல்லா அழைப்பும் நெட் வழியாகத்தான். கரண்ட் போனாலும் ஓடட்டும் என்று மோடத்துக்குச் சின்ன பேட்டரியும் வாங்கி வைத்திருந்தார். மறுநாள் கதவை உடைத்தபோது கையில் போன் இருந்தது. போகாத அழைப்புகள் பதினொன்று, எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்குள்.

பிளக்கைப் பிடுங்கியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

118.

எழுந்து வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். சமையலறை ஜன்னலைச் சாத்தினாள்.

73.

அது தெருமுனைக் கம்பம். ஒயர் இழுத்த அன்று ஏணியைப் பிடித்தவள் அவள். ஒவ்வொரு கம்பத்தின் தூரமும் தெரியும்.

40. எதிர்வீட்டுச் சுவர்.

19. வாசல்.

தாழ்ப்பாள் அசையவில்லை. எதுவும் தட்டவில்லை.

11.

6. மெஷினிலிருந்து கட்டிலுக்கு ஆறு மீட்டர்.

பரண். கட்டிலின் கால்மாட்டுக்கு நேர் மேலே.

செய்தித்தாள் சரசரத்தது.

அவள் படுக்கையறைக்கு ஓடவில்லை. அலமாரிக்கு ஓடினாள். முன்பு செய்ததையே செய்தாள். பிளக்கைப் பிடித்து இழுத்தாள்.

மின்விசிறி நின்றது.

மெஷின் நிற்கவில்லை. பிளக் அவள் கையில் இருந்தது. மெஷினில் ஒன்பதாம் வீட்டுக்கான விளக்கு பச்சையாக எரிந்தது.

"யுவா?"

டக்கென்ற சத்தம் இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை. போனின் வெளிச்சத்தோடு போனாள். கட்டிலில் போர்வை. போர்வைமேல் செய்தித்தாள், சுற்றியிருந்த மடிப்பு கலையாமல். பரண் காலி. கட்டில் காலி.

ஜன்னல் சாத்தியிருந்தது. வாசல் தாழ்ப்பாள் உள்ளே போட்டபடியே இருந்தது.

ஆறு இருபதுக்குக் கரண்ட் வந்தது. பட்டியலில் பதின்மூன்று வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஒன்பதாம் எண்ணில் பெயர் மாறியிருந்தது. யுவஸ்ரீ. 212.

ஒன்பதாம் எண்ணின் பூட்டை நாகம்மாதான் கடப்பாரையால் உடைத்தாள். அறையில் யாரும் இல்லை. சுவரோரம் தரையில் அழகர்சாமியின் மோடம் இருந்தது. அதில் எந்த ஒயரும் மாட்டியிருக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காவல் நிலையத்தில் காணாமல் போனதாகப் புகார் பதிவானது. குழந்தை கிடைக்கவில்லை. அந்த வரி இன்றுவரை பச்சையாக இருக்கிறது. கரண்ட் போனால் இப்போது மாதேஸ்வரி வீட்டில் மின்விசிறி போடுவதில்லை. இன்வெர்ட்டர் முழுவதும் மெஷினுக்கு.