நாடிக் கணக்கு

2063 நவம்பர் 19, காலை ஆறு மணி: கொன்றையேந்தல் பேரூராட்சியின் மக்கள்தொகை 2,016.

கிழக்கே கண்மாய், மேற்கே தரிசு, நடுவே நான்கு தெருக்கள். அவ்வளவுதான் ஊர். பிறந்த குழந்தைக்கும் நாடிவளையம் மாட்டிவிடும் காலம் அது. நாடித்துடிப்பு, உடற்சூடு, இருக்குமிடம் மூன்றையும் வளையம் மாவட்டத் தலைநகருக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கணக்கெடுக்க யாரும் வீடு வீடாக வருவதில்லை. துடிக்கும் வளையங்கள்தான் மக்கள்தொகை. அது இரண்டாயிரத்துக்குக் கீழே போனால் பேரூராட்சி குக்கிராமமாகிவிடும், மருத்துவமனையை எடுத்துவிடுவார்கள்.

ஊரில் உண்மையாக இருந்தவர்கள் அறுநூற்றுச் சொச்சம். மற்றவர்கள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் போய், ஆலைகள் கொடுத்த தற்காலிக வளையத்தில் பிழைத்தார்கள். சொந்த வளையத்தைக் கழற்றித் தலைவர் தவமணியிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். அவர் அவற்றைத் தரிசில் கிடை போட்டிருந்த ஆடுகளின் காலில் மாட்டினார். ஆட்டின் நாடி மனித நாடியோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். சூடு மட்டும் சற்றுக் கூடுதல். ஊரில் பெரும்பாலோருக்கு ஓயாத காய்ச்சல் என்று முடிவுகட்டிய சுகாதாரத் துறை, மாதந்தோறும் மாத்திரை மூட்டைகளை அனுப்பிவைத்தது.

தவமணி இதைத் தொடங்கியது மனைவி செல்லக்கிளிக்காக. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இந்த மருத்துவமனை போனால் அடுத்தது எண்பது கிலோமீட்டர் தள்ளி.

அன்று காலையும் அவள் இயந்திரத்தோடு படுத்திருந்தாள்.

"ஏங்க, கிடா வெட்டுனப்ப வளையத்தக் கழட்ட மறந்துட்டாங்களாமே?"

"ஆமா. ஓசூர்ல இருக்கிற மாயழகோட வளையம் அது. அவன் செத்துட்டான்னு பேங்க் கணக்க மூடிட்டாங்க. போனப் போட்டுத் திட்டுறான்."

"திட்டட்டும். திட்ட உசுரு இருக்குல்ல" என்று சிரித்தாள்.

தொடர் மழையில் நிரம்பியிருந்த கண்மாயின் கரை நண்பகலில் உடைந்தது. மருத்துவமனை கரைக்கு நேர் கீழே இருந்தது. அரசு கேட்டபோது ஊர் விட்டுக்கொடுத்த நிலம் அது ஒன்றுதான். நோயாளிகளும் கடைசித் தெருக்காரர்களுமாக நாற்பது பேர் மொட்டை மாடியில் ஏறினார்கள். தவமணி மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து உட்காரவைத்தார்.

தானியங்கி மீட்புப் படகுகள் ஆறு சீக்கிரமே வந்தன. மாடியில் இருந்தவர்கள் துண்டை வீசிக் கத்தினார்கள். படகுகள் மாடியைச் சுற்றிக்கொண்டு தரிசை நோக்கிப் போயின.

தவமணி மீட்பு மையத்துக்குப் போன் போட்டார். நிலவழகி என்ற அதிகாரி எடுத்தாள்.

"சார், தரிசுல ஆயிரத்து நானூறு பேர் தண்ணியில நிக்கிறாங்க. எல்லாருக்கும் நாடி எகிறுது, காய்ச்சல் வேற. நீங்க மாடியில நாற்பது பேர். அவங்களுக்கு அப்புறம்தான் நீங்க."

தவமணி பேசியைக் கையால் மூடிக்கொண்டார்.

"சொல்லிருங்க" என்றாள் செல்லக்கிளி.

"சொன்னா ஆஸ்பத்திரி போயிரும்டி. அப்புறம் நீ?"

"மொதல்ல இங்கேருந்து எறங்குவோம்."

தண்ணீர் கீழ்த்தளச் சன்னல்களை மூடியபோதுதான் அவர் பேசியிலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார்.

"அம்மா, அங்க நிக்கிறது மனுசங்க இல்ல. ஆடு."

"என்ன சொன்னீங்க?"

"ஆடும்மா. வளையம் மாட்டுன ஆடு. அத்தனையும்."



"போன வெள்ளத்துல ஒரு ஊர்த் தலைவர் இப்படித்தான் பேசுனார். காலனியில மாடுகதான் நிக்குது, படக இங்க திருப்புங்கன்னார். திருப்புனோம். முப்பது பேர் செத்தாங்க. உங்கள மாதிரி ஆளுங்க பேச்ச இனிமே கேக்கக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடே. நீங்க பேசுறது பதிவாகுது சார்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவள் சொன்னது உண்மை. யார் வீடு, எந்தத் தெரு என்று பார்த்துப் படகைத் திருப்பிவிடுகிறார்கள் என்பதால் படகுகளிலிருந்து கேமராவை நீக்கியிருந்தார்கள். இடையில் கையால் திருப்பும் வசதியும் இல்லை. நாடி அதிகம் துடிக்கும் இடத்துக்குப் படகு முதலில் போகும். இந்த ஏற்பாட்டை வேண்டிக் கையெழுத்திட்ட தலைவர்களில் தவமணியும் ஒருவர்.

தரிசில் படகுகள் சாய்தளத்தை இறக்கின. ஆடுகள் தாமாகவே ஏறிக்கொண்டன.

மாவட்ட முகாமில் முதல் படகின் கதவு திறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. போர்வையும் சோற்றுப் பொட்டலமுமாக நின்ற ஊழியர்கள் விலகி வழிவிட்டார்கள். நிலவழகி தவமணியின் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. ஆள் ஓட்டும் படகு ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பினார்கள். அது போய்ச் சேர்வதற்குள் மருத்துவமனையின் கிழக்குச் சுவர் சரிந்து, தொட்டியோடு பாதி மாடி விழுந்திருந்தது.

பதினொரு பேர் இறந்தார்கள். செல்லக்கிளி அவர்களில் ஒருத்தி. தவமணி உயிர் பிழைத்தார்.

கொன்றையேந்தலின் மக்கள்தொகை 629 என்று திருத்தப்பட்டது. டயாலிசிஸ் இயந்திரம் வேறு ஊருக்குப் போனது. ஆடுகளில் ஒன்றும் சாகவில்லை.