கடைசி அறையின் சூடு

குகையின் கடைசி அறையில் குளிர் குறைந்திருந்தது. கோடையானாலும் பனிக்காலமானாலும் இரண்டு டிகிரியைத் தாண்டாத அறை அது. அங்கே வைத்த வெப்பம் அளக்கும் கருவி அனுப்பும் கோடு, அருங்காட்சியகத்துக் கணினியில் மூன்று நாளாக மெல்ல மெல்ல ஏறிப் பதினொன்றில் நின்றது.

"கருவி கெட்டுப்போயிருக்கும் அண்ணி, வேறென்ன?" என்றான் விஜோ. அஃப்ராவின் இறந்துபோன கணவன் ஓஜெப்புக்குத் தம்பி, மலை வழிகாட்டி. "பனி கொட்டறதுக்குள்ள போய் எடுத்துட்டு வந்துடலாம், வாங்க. இந்த எலும்புங்களோடயே பேசிட்டிருந்தா பைத்தியம்தான் புடிக்கும்."

அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் அஃப்ரா சிரித்தாள். எலும்புகளோடு அவள் பேசுவது உண்மைதான். சுற்றுலாப் பருவம் முடிந்து ஹோட்டல்கள் பூட்டிக்கொண்ட இந்த அக்டோபரில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும், என்றோ அழிந்துபோன குகைக்கரடியின் எலும்புக்கூட்டைத் தவிர அவள் குரலைக் கேட்க ஆளில்லை. ஓஜெப் போன பிறகு பார்லி சூப்பைக்கூட நின்றபடியே குடித்துவிடுகிறாள்.

நண்பகலில் குகை வாயை அடைந்தபோது விஜோவின் முழங்கால் வீங்கியிருந்தது.

"நான் இங்கயே உக்காந்துக்கறேன். கூப்பிட்டா குரல் குடுங்க, என்ன?"

நெற்றி விளக்குடன் அவள் மட்டும் நுழைந்தாள். கூடம் தாண்டி, பிறகு இடுக்கில் வயிற்றால் ஊர்ந்து போகையில், எப்போதும் எலும்புபோல் உலர்ந்திருக்கும் பாறை வியர்த்துச் சொட்டுவதையும், நனைந்த கம்பளியும் புளித்த பாலும் கலந்ததுபோல ஒரு வாடை தொண்டைவரை இறங்குவதையும் உணர்ந்தாள். திரும்பிவிடலாம் என்று தோன்றியது. திரும்ப இடமில்லை. கடைசி அறைக்குள் போய் விழுந்தாள்.

கருவி கெடவில்லை. பதினான்கு காட்டியது.

களிமண் தரையில் அந்தப் பள்ளம். பல்லாயிரம் ஆண்டுக்கு முன் பனிக்காலத் தூக்கத்துக்கு வந்த கரடிகள் உருண்டு உருண்டு குழித்தது. தூங்கியவற்றில் சில எழவே இல்லை. அவள் அதை எத்தனையோ முறை படமெடுத்திருக்கிறாள், விரிசல் விட்ட வறண்ட மண்ணாக. இன்று அது வழவழவென்று புதிதாக அழுந்தியிருந்தது. உள்ளங்கையை வைத்தாள்.

சுட்டது.

காற்றொலி கேட்டது. நின்றது. எண்ணினாள். நாற்பதில் மறுபடி கேட்டது.

காற்றல்ல. மூச்சு.

அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் வந்த வழியிலிருந்து.

"அண்ணி!" விஜோவின் குரல், தலையணைக்கு அப்பாலிருந்து வருவதுபோல. "அண்ணி, பனி விழ ஆரம்பிச்சிடுச்சு! வாங்க!"

கழுத்தை மட்டும் மெதுவாகத் திருப்பினாள். விளக்கொளி சுவரில் ஊர்ந்து இடுக்கின் வாய்க்குப் போனது.

வாய் இல்லை.

அங்கே ஈரமான பழுப்பு ரோமம். விளிம்பு முதல் விளிம்பு வரை. குளிர்காற்று உள்ளே வராதபடி, இவளுக்கு முதுகைக் காட்டி அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. எழும்பியது. தாழ்ந்தது.

"அண்ணி..."

பிறகு அதுவும் கேட்கவில்லை.

அறுபது எண்ணினாள். எழும்பியது. அடுத்ததற்குத் தொண்ணூறு.

வெதுவெதுப்பு காலிலிருந்து ஏறியது. முழங்கால்கள் தாமாக மடங்கின. பள்ளம் அவள் இடுப்புக்குச் சரியாக இருந்தது.

அஃப்ராவுக்குக் கொட்டாவி வந்தது.