ஓரம் இல்லாத கட்டு

கட்டுக்கு ஓரம் இல்லை. செம்வாங்கா வலது முன்கையை ஜன்னல் பக்கம் திருப்பி, இடது கை நகத்தால் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தான். மருத்துவமனை நர்ஸ் ஒட்டிவிட்ட அந்த மெல்லிய வெள்ளைத் தாள் எங்கே முடிகிறது, தன் தோல் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. "புண்ணு ஆறினா தானா உதிர்ந்துடும், நோண்டாதீங்க" என்றுதான் அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். நகம் பட்ட இடத்தில் காய்ந்த சுரைக்காயைத் தட்டியதுபோலச் சத்தம் கேட்டது.

அந்தத் தாள் எதில் செய்தது என்று மசாக்கா ஊரில் அவனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் ஊரே வெட்டுக்கிளியை வறுத்துத் தின்னும். பிய்த்துப்போட்ட இறக்கையையும் காலையும் இவன் மூட்டை மூட்டையாக வாங்கி, காஸ்டிக் சோடாவில் கொதிக்கவிட்டு, ஆசிடில் ஊறவைப்பான். சதை, நிறம், நாற்றம் எல்லாம் போனபின் கைட்டின் என்ற வெள்ளைச் செதில் மிஞ்சும். புண்ணுக்குப் போடும் தாள் செய்ய மருந்துக் கம்பெனிக்காரர்கள் அதை வாங்கிப்போவார்கள். போன வாரம் கொதிக்கிற சோடாவைத் தன் கையிலேயே கொட்டிக்கொண்டான். அண்டாவைக் கிளற மனைவி ஸ்கோவியா இல்லை.

ஸ்கோவியா வெட்டுக்கிளிக் குலத்தில் பிறந்தவள். அந்தக் குலத்தார் அதைத் தின்னவும் மாட்டார்கள், பிய்க்கவும் மாட்டார்கள், உடன்பிறப்பாக நினைப்பவர்கள். அவளைத்தான் இந்த மகராசன் அண்டா முன்னால் நிறுத்தினான். முதல் மழையன்று இரவு, விளக்கு வெளிச்சத்துக்கு வரும் வெட்டுக்கிளி மோதி விழுவதற்காக நிறுத்திவைத்த தகரங்களில் ஒன்று சரிந்தது. விளக்குக்குப் போகும் வயர் உரிந்து அதன் அடியில் ஈரத்தில் கிடந்தது அவனுக்கும் தெரியும்.

"கொஞ்ச நேரம் லைட்டை அணைச்சுடுங்களேன்" என்று கெஞ்சினாள்.

"அணைச்சா கூட்டம் பக்கத்து மலைக்குப் போயிடும். எல்லாம் உன் சொந்தக்காரங்கதானே, உன்னை என்ன பண்ணிடும்? போய் நிமிர்த்து!"

போனாள். தகரத்தைத் தொட்டாள். அவளாகவே போய்த் தொட்டுச் செத்தாள் என்று ஊரிடம் சொன்னான். பாவி, மார்பில் அடித்துக்கொண்டு அழவும் செய்தான்.

இன்று மத்தியானமே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், கொல்லையில் அடுக்கிய மூட்டைகள் பக்கமிருந்து சரசரவென்று இன்னொரு சத்தம், நனைந்த இறக்கை வாடையோடு வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. கட்டின் வெள்ளை இப்போது முழங்கையைத் தாண்டியிருந்தது. கை மடங்கவில்லை.

அக்காவின் துணிமணியை எடுத்துப்போக ஸ்கோவியாவின் தங்கை ரோசெட் வந்தாள்.

"என்ன மச்சான், கை விறைச்சுக்கிட்டு நிக்குது? இப்பவே சலாம் வைக்கப் பழகுறீங்களா, ஜெயில்ல வைக்கிறதுக்கு?"

"புண்ணு. ஒண்ணுமில்ல. எடுக்கிறதை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

அவள் கிளம்பவில்லை. பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அக்கா அவளாவா போனா?"

"அவளாத்தான் போனா."

தோளுக்குள் ஏதோ நெரிந்தது. வெள்ளை சட்டைக்கு அடியில் ஏறியது.

"வயர் உரிஞ்சு கிடந்தது உங்களுக்குத் தெரியாது?"

"தெரியாது."

கழுத்து திரும்பவில்லை. மார்பு இறுகியது. செம்வாங்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. பொய் சொல்லச் சொல்ல ஏறுகிறது. உண்மையைச் சொன்னால் நின்றுவிடும், போலீஸானாலும் சரி, ஜெயிலானாலும் சரி, சொல்லிவிடலாம். பயத்தில் அவனுக்கு அழுகை முட்டியது. சொல்ல வாயெடுத்தான்.

தாடை அசையவில்லை.

"சொல்ல மாட்டீங்க இல்ல? சரி" என்றாள் ரோசெட்.

கால் விறைத்தது. சுவரைப் பிடித்தான். நகங்கள் சுவரில் பதிந்தன. பிடுங்க வரவில்லை. உள்ளே ஏதோ புரண்டது. மூச்சு இழுத்தது. அவன் மூச்சு அல்ல. முதுகில் ஒரு கோடு. பிடரியிலிருந்து இடுப்பு வரை. பிளந்தது. அவன் தோளுக்குள்ளிருந்து ஒரு தோள் உருவிக்கொண்டது. கைக்குள்ளிருந்து ஒரு கை. முதுகுக்குள் குளிர்காற்று புகுந்தது. ஈரக்கால் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது.

"மெதுவா வா அக்கா. இன்னும் ஈரமா இருக்கே."

அவனைச் சுவரிலிருந்து எடுத்தார்கள். வெறும் கூடை எடுப்பதுபோல எடுத்துப் பாயில் மல்லாத்தினார்கள். எல்லாம் தெரிந்தது. கண்ணை மூட முடியவில்லை. ஸ்கோவியா அந்தப் பக்கம், ரோசெட் இந்தப் பக்கம், சந்தையில் வெட்டுக்கிளி பிய்க்கும் பெண்கள் கூடை முன்னால் உட்காருவதுபோலச் சம்மணமிட்டு உட்கார்ந்து, வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, நாம பிய்க்கக் கூடாதே?"

"இது நம்ம குலம் இல்ல" என்றாள் ஸ்கோவியா. "இறக்கைதான் இல்லையே, காலிலேருந்து ஆரம்பி."