நாணயம் படாத இடம்

வார்த்தினி நாணயத்தால் சுரண்டாத இடமும் சிவந்திருந்தது.

நேற்று காய்ச்சல் கண்ட கணவன் தர்சோனோவின் முதுகில் மட்டும்தான் சுரண்டினாள். நசுக்கிய வெங்காயமும் எண்ணெயும் தடவி, பழைய ஐந்நூறு ரூப்பியா நாணயத்தின் விளிம்பால் முதுகெலும்பிலிருந்து விலா வரை மீன்முள் போல வரிவரியாக இழுப்பது; காய்ச்சல் என்றால் உடம்பில் காற்று புகுந்திருக்கிறது, வரி எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று போய்விட்டது. ஜாவாத் தீவின் தெகால் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் இன்று மதியம், தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருக்க, அவன் சட்டையைக் கழற்றியபோது வயிற்றிலும் கழுத்திலும் கைகளிலும் கருஞ்சிவப்புத் திட்டுகள் இருந்தன.

"காத்து தானாவே வெளிய வருது போல," என்றாள்.

"வரட்டும். எனக்குள்ள இருக்கிற காத்துக்கு நாலு லாரி டயர் நிரப்பலாம்."

சாலையோரம் பஞ்சர் ஒட்டுகிறவன். சிரிக்கப் பார்த்து, உதடு எரிந்து, நிறுத்திக்கொண்டான். கண்ணில் மண் விழுந்த மாதிரி இருப்பதாகக் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு நாளைக்கு முன், கன்னத்தில் மின்சாரம் பாய்வது போன்ற நரம்பு வலிக்கு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். வலி போயே போய்விட்டது. வருஷக்கணக்காகப் பல் தேய்க்கவே பயந்தவன் தேய்த்துக்கொண்டே முணுமுணுத்துப் பாடியதைக் கேட்டு, அவள் அடுப்படியில் நின்று அழுதாள். தோலில் சிவப்பு கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லியிருந்தார் மருத்துவர். தலையாட்டியிருந்தாள். அவர் சொன்னது ஏதோ சொறி சிரங்கை. இது காற்றுச் சிவப்பு. நல்ல சிவப்பு.

மதிய மாத்திரையை அவளே பிரித்து, இனிப்புத் தேநீரோடு கொடுத்தாள். விழுங்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு குப்புறப் படுக்கவைத்து, எண்ணெய் தொட்டு, நாணயத்தை முதுகில் வைத்தாள்.

எப்போதும் சரக் சரக்கென்று கேட்கும். இன்று கேட்கவில்லை. நாணயம் வழுக்கியது. எண்ணெய் கூடிவிட்டதோ. துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தாள்.

நாணயத்துக்கு முன்னால் ஏதோ சுருண்டது. பாலாடை போல.

அடியில் ஈரச் சிவப்பு.

"ஏன் நிறுத்திட்ட?" தலையணைக்குள்ளிருந்து அவன் குரல். "எரியுது. எரிஞ்சாத்தான் காத்து போகும். இழு புள்ள."

துணியைப் பார்த்தாள். துணியிலும் அது ஒட்டியிருந்தது.

மருத்துவர் சொன்ன சிவப்பு இதுதான். நேற்று முதுகில் சிவந்ததும் இதுதான். சற்று முன் அவள் கொடுத்த மாத்திரை அவன் வயிற்றில் கரைந்துகொண்டிருந்தது.

"எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

தோளைப் பிடித்துத் தூக்கினாள். உடனே விட்டாள். ஐந்து விரலும் பதிந்த இடத்தில் தோல் இல்லை.

அவன் மெல்லத் திரும்பினான். இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. திறக்கவில்லை.

"எங்க இருக்க?" கையை நீட்டினான். "கையக் குடு, வார்த்தினி. பிடிச்சிக்கிறேன்."

விரல் நுனிகளில் தோல் தளர்ந்து, அளவு பெரிதான கையுறை போலத் தொங்கியது. அவள் சுவர் வரை பின்வாங்கினாள். கை அவளைத் தேடிக்கொண்டே இருந்தது.